மீல் மேக்கர் சாப்பிடலாமா? தாவர ஈஸ்ட்ரோஜனும் மார்பகப் புற்றுநோயும்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து ஒரு பெண் வீடு திரும்பினால், அவர் சமையலறையிலிருந்து முதலில் வெளியேறுவது பெரும்பாலும் மீல் மேக்கர் பாக்கெட்தான். சோயாவில் பெண் ஹார்மோன் இருக்கிறது, அது கட்டியைத் திரும்ப வளர்த்துவிடும் என்று யாரோ ஒரு பெரியம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார். அதே வாரம் பார்க்க வரும் நாத்தனார் ஒரு பை நிறைய ஆளி விதையோடு வருவார். தினமும் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டால் புற்று அண்டவே அண்டாது என்பார். இருவருமே அன்பில் சொல்வதுதான். ஒருவர் தடுப்பதும் இன்னொருவர் ஊட்டுவதும் ஏறக்குறைய ஒரே வகைப் பொருளை என்பது இருவருக்கும் தெரிந்திருக்காது.

அந்தப் பொருளுக்குத் தாவர ஈஸ்ட்ரோஜன் என்று பெயர். இதைப் பற்றி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வுகள் நடந்து வருகின்றன. அவற்றைப் படித்த பிறகு எனக்கு உறுதியாகப் படுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உணவாகச் சாப்பிடும் அளவில் சோயாவோ எள்ளோ ஆளி விதையோ மார்பகப் புற்றை உண்டாக்குவதாக மனிதர்களிடம் ஆதாரம் இல்லை. சிறிதளவு நன்மை இருக்கக்கூடும் என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. ஆனால் அதே பொருளைப் பிரித்தெடுத்து மாத்திரையாக விழுங்குவது வேறு விஷயம். இந்த வித்தியாசம் தெரியாததால்தான் சிகிச்சையில் இருக்கும் பெண்ணின் தட்டிலிருந்து புரதத்தை எடுத்துவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் ‘இயற்கை ஹார்மோன்’ மாத்திரையை யோசிக்காமல் வாங்கிக் கொடுக்கிறோம்.

செடிகள் இவற்றை நமக்காக உருவாக்கவில்லை. சோயா வேரில் ஊறிவரும் ஐசோஃபிளேவோன்கள் என்னும் தாவர ஈஸ்ட்ரோஜன்கள் மண்ணிலுள்ள ரைசோபியம் வகை பாக்டீரியாவை வேரை நோக்கி அழைக்கும் சமிக்ஞை. அந்த பாக்டீரியா வேர் முடிச்சில் குடியேறிக் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துத் தருகிறது. இந்த மூலக்கூறின் வடிவம் நம் உடலில் ஓடும் முக்கிய ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ரடயாலின் வடிவத்தை ஒத்திருப்பது தற்செயல்தான்.

அந்த ஒற்றுமை உயிருள்ள உடலில் என்ன செய்யும் என்பதை உலகுக்குக் காட்டியவை செம்மறி ஆடுகள். 1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் குளோவர் என்னும் தீவனச்செடி நிறைந்த மேய்ச்சல் நிலங்களில் மேய்ந்த ஆடுகள் சினை பிடிக்காமல் போயின. குட்டி ஈனுவது பெருமளவு குறைந்தது. அந்தச் செடியில் உள்ள ஃபார்மோனோனெட்டின் என்ற ஐசோஃபிளேவோன், ஆட்டின் இரைப்பையில் ஈக்வால் என்ற இன்னும் வீரியமான பொருளாக மாறுகிறது என்பது பின்னாளில் தெரியவந்தது. நாளெல்லாம் அதையே மேய்ந்த ஆடு அது. சுண்டல் சாப்பிடும் மனிதருக்கு அதே கதி என்று சொல்ல அந்தச் சம்பவம் போதாது. ஆனாலும் தாவர ஈஸ்ட்ரோஜன் மீதான அச்சத்தின் முதல் விதை அங்கேதான் விழுந்தது.

நம் தட்டில் எது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் பாதி பயம் தானாகவே குறையும். தாவர ஈஸ்ட்ரோஜன்களில் முக்கியமானவை மூன்று குடும்பங்கள். ஐசோஃபிளேவோன் ஏறக்குறைய முழுக்க சோயாவின் சொத்து. லிக்னன் ஆளி விதையிலும் எள்ளிலும் அதிகம், முழுத் தானியங்களிலும் காய்களிலும் கொஞ்சம். கூமெஸ்டன் சிலவகை முளைகட்டிய பயறுகளில் சிறிதளவு உண்டு. உலர்ந்த சோயா பீன்ஸ் 100 கிராமில் ஏறக்குறைய 100 முதல் 150 மில்லிகிராம் வரை ஐசோஃபிளேவோன் இருக்கும். எண்ணெய் எடுத்த சோயா மாவிலிருந்து செய்யப்படும் மீல் மேக்கரிலும் பெரும்பாலும் அந்த அளவு தங்கிவிடும். ஒருவர் பிரியாணியிலோ குருமாவிலோ சாப்பிடும் பங்கு ஊறவைக்கும் முன் 20, 25 கிராம் என்று வைத்துக்கொண்டால், 30 மில்லிகிராமை ஒட்டி வரும். ஒரு பெரிய டம்ளர் சோயா பாலில் சுமார் 25 மில்லிகிராம். சோயா பாலில் செய்யும் பனீர் போன்ற டோஃபு 100 கிராமிலும் ஏறக்குறைய அவ்வளவே. சோயா எண்ணெயில் கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. எண்ணெய் டின்னில் ‘சோயா’ என்று பார்த்ததும் அலமாரியிலிருந்து எடுத்து ஒதுக்குபவர்களுக்காக இதைத் தனியாகச் சொல்கிறேன்.

நம் பருப்புகளும் பயறுகளும் எந்தக் கணக்கிலும் வராது. கொண்டைக்கடலை 100 கிராமில் ஐசோஃபிளேவோன் 1 மில்லிகிராமுக்கும் குறைவு. துவரையும் பாசிப்பயறும் அப்படியே. மெரினாவில் வாங்கும் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலில் ஹார்மோன் இருக்கிறது என்று யாராவது சொன்னால் தாராளமாகத் தள்ளிவிடலாம். ஜப்பானிலும் சீனாவின் சில பகுதிகளிலும் தினசரி உணவில் சேரும் ஐசோஃபிளேவோன் சராசரியாக 25 முதல் 50 மில்லிகிராம். மேற்கு நாடுகளில் 3 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. வாரம் ஒருநாள் மீல் மேக்கர் குழம்பு வைக்கும் சென்னை வீட்டையும் மேற்கு நாடுகளின் பக்கம்தான் சேர்க்க வேண்டும்.

இனி உடலுக்குள் நடப்பது. ஈஸ்ட்ரோஜன் தானாக எதையும் செய்வதில்லை. செல்லுக்குள் இருக்கும் ஏற்பியில் போய் அமர்ந்த பிறகுதான் ‘வளர், பெருகு’ என்ற உத்தரவு கிளம்புகிறது. மார்பகத் திசுவின் செல்களில் இந்த ஏற்பி இருப்பதால்தான் ஈஸ்ட்ரோஜனுக்கும் மார்பகப் புற்றுக்கும் இத்தனை நெருக்கம். சோயாவின் முக்கிய ஐசோஃபிளேவோனான ஜெனிஸ்டீனும் அதே இருக்கையில் அமரும். ஆனால் அதன் வீரியம் எஸ்ட்ரடயாலின் வீரியத்தில் நூற்றில் ஒரு பங்கோ ஆயிரத்தில் ஒரு பங்கோதான். அதை முழுப் பயணி என்பதைவிட, திருவான்மியூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாக சீட்டில் போட்டு வைக்கும் துண்டு என்று சொல்லலாம். துண்டு போட்ட இடத்தில் வேறு ஆள் உட்கார முடியாது. உடலில் உண்மையான ஈஸ்ட்ரோஜன் நிரம்பியிருக்கும் வயதில் இது ஒருவகைத் தடுப்பாகவே வேலை செய்யக்கூடும். மாதவிடாய் நின்ற பிறகு கூட்டமே இல்லாத நேரத்தில் அந்த மெல்லிய வீரியமே கொஞ்சம் கூடுதலாகத் தெரியவும் கூடும். விஞ்ஞானிகளை இத்தனை காலம் குழப்பிய இரட்டைத் தன்மை இதுதான்.

1996-இல் இன்னொரு திருப்பம் வந்தது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யான் ஆகே குஸ்டாஃப்சனின் குழு ஈஸ்ட்ரோஜனுக்கு இரண்டாவது ஏற்பி ஒன்று இருப்பதைக் கண்டறிந்தது. அதுவரை தெரிந்திருந்ததை ஆல்ஃபா என்றும் புதியதை பீட்டா என்றும் அழைக்கிறார்கள். மார்பகச் செல்லைப் பெருகத் தூண்டுவதில் ஆல்ஃபாவுக்கே பெரும் பங்கு. பீட்டா பல இடங்களில் அந்த வேகத்தை மட்டுப்படுத்துவதாகத் தெரிகிறது. ஜெனிஸ்டீன் ஆல்ஃபாவைவிட பீட்டாவில்தான் பல மடங்கு இறுக்கமாக ஒட்டுகிறது. ஆகவே ‘சோயாவில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது’ என்ற வாக்கியமே பாதி தவறு. அதில் இருப்பது, ஈஸ்ட்ரோஜனின் இடத்தில் அமர்ந்து, திசுவுக்குத் திசு வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும் ஒரு பொருள். மார்பகப் புற்றுக்குக் கொடுக்கப்படும் தமோக்சிஃபென் மாத்திரையும் இந்த வகையில் நடந்துகொள்வதுதான். மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும், எலும்பில் ஈஸ்ட்ரோஜனைப் போல உதவும்.

அப்படியானால் டாக்டர்களே ஒரு காலத்தில் சோயா வேண்டாம் என்றது ஏன்? காரணம் எலிகள். 1990-களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹெல்ஃபரிச்சின் ஆய்வகம், நோயெதிர்ப்புச் சக்தி இல்லாத சுண்டெலிகளின் சினைப்பையை அகற்றி, மனித மார்பகப் புற்றுச் செல்களை அவற்றின் உடலில் பதித்து, தூய ஜெனிஸ்டீனைக் கொடுத்தது. கட்டிகள் வளர்ந்தன. தமோக்சிஃபெனோடு ஜெனிஸ்டீனையும் சேர்த்துக் கொடுத்தபோது மருந்தின் பலன் குறைந்தது. 2002-இல் அமெரிக்காவின் பெண்கள் நலத் திட்ட ஆய்வு வேறொரு அதிர்ச்சியைத் தந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் கலந்த மாத்திரை கொடுத்ததில் மார்பகப் புற்று அபாயம் 26 சதவீதம் கூடியது தெரிந்ததும் அந்தப் பகுதியையே பாதியில் நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெயர் ஒட்டிய எதையும் நோயாளிக்குச் சொல்ல மருத்துவர்கள் தயங்கியது அந்தச் சூழலில் நியாயமே.

எலிக்கும் நமக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. நாம் சாப்பிடும் ஜெனிஸ்டீனை நம் குடலும் கல்லீரலும் பெரும்பாலும் வேறு மூலக்கூறோடு பிணைத்துச் செயலிழக்க வைத்தே ரத்தத்தில் விடுகின்றன. சுண்டெலியின் உடல் அந்த வேலையை நம் அளவுக்குச் செய்வதில்லை. அதனால் கட்டற்ற ஜெனிஸ்டீன் அதன் ரத்தத்தில் பல மடங்கு அதிகம் ஓடும். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அதே ஆய்வகம் 2004-இல் வெளியிட்ட இன்னொரு முடிவு. ஜெனிஸ்டீன் அளவு ஒரே மாதிரி இருக்கும்படி பார்த்துக்கொண்டு, ஒரு கூட்டத்துக்கு சோயா மாவும் மற்றவற்றுக்குப் படிப்படியாகச் சுத்திகரித்த சோயாப் பொருட்களும் கொடுத்தார்கள். மாவு சாப்பிட்ட எலிகளின் கட்டி வளரவில்லை. சுத்திகரிப்பு கூடக்கூட வளர்ச்சியும் கூடியது. பயத்தைத் தொடங்கி வைத்த ஆய்வகத்திலிருந்தே வந்த இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றவே இல்லை.

மனிதர்களிடம் கிடைத்த ஆதாரத்தில் ஷாங்காய் நகரின் பங்கு பெரியது. அங்கே 2002 முதல் 2006 வரை மார்பகப் புற்று கண்டறியப்பட்ட 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2009 டிசம்பரில் வந்தது. சோயா மிகக் குறைவாகச் சாப்பிட்ட கால் பங்கினரில் நான்கு ஆண்டுகளுக்குள் இறந்தவர்கள் 100-க்கு ஏறத்தாழ 10 பேர். மிக அதிகமாகச் சாப்பிட்ட கால் பங்கினரில் 7 பேர். நோய் திரும்பியவர்கள் முறையே 11 பேர், 8 பேர். கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா இல்லையா, அதாவது ஈ.ஆர். பாசிட்டிவா நெகட்டிவா என்ற வித்தியாசம் இல்லை. தமோக்சிஃபென் எடுத்தவர்களிடமும் எடுக்காதவர்களிடமும் அதே போக்கு. பலன் ஒரு நாளைக்கு சோயா புரதம் 11 கிராம் வரைதான் ஏறியது. அதற்கு மேல் சாப்பிட்டவர்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

2012-இல் மார்பகப் புற்று வந்த அமெரிக்க, சீனப் பெண்கள் 9,514 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நாளுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஐசோஃபிளேவோன் சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்புவது கால் பங்கு குறைவாக இருந்தது. 2017-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இதே நோய் வந்த 6,235 பெண்களிடம் நடந்த ஆய்வில் ஐசோஃபிளேவோன் அதிகம் சாப்பிட்டவர்களிடம் இறப்பு 21 சதவீதம் குறைவு. அதில் பலன் முக்கியமாகத் தெரிந்தது ஹார்மோன் ஏற்பி இல்லாத கட்டி இருந்தவர்களிடமும் ஹார்மோன் சிகிச்சை எடுக்காதவர்களிடமும்தான். இந்த ஆய்வுகளில் எதிலும் சோயா சாப்பிட்ட நோயாளிகளுக்குக் கேடு தெரியவில்லை.

இதை வைத்து சோயாவை மருந்தாக்கிவிடக் கூடாது. இவை எல்லாமே கவனித்துப் பார்த்த ஆய்வுகள். யார் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு பிறகு என்ன ஆனது என்று பார்த்தவை. சோயா அதிகம் சாப்பிடுபவர் காய்கறியும் அதிகம் சாப்பிடலாம், உடற்பயிற்சி செய்யலாம், படிப்பும் வசதியும் கூடுதலாக இருக்கலாம். கணக்கில் எவ்வளவு சரிசெய்தாலும் அந்தச் சாயல் முழுதாகப் போகாது. நோய் வராத பெண்களிடம் கிடைத்த முடிவுகளும் ஒரே குரலில் பேசவில்லை. சீனாவில் 3 லட்சம் பெண்களைத் தொடர்ந்த கடூரி ஆய்வு, சோயா அளவுக்கும் மார்பகப் புற்று வருவதற்கும் மொத்தத்தில் தொடர்பு காணவில்லை என்று 2020-இல் சொன்னது. மற்ற ஆய்வுகளோடு சேர்த்துக் கணக்கிட்டபோது ஒவ்வொரு 10 மில்லிகிராமுக்கும் அபாயம் 3 சதவீதம் குறைவதாக வந்தது. கேடு இல்லை என்று நம்பிக்கையோடு சொல்லவும், காப்பாற்றும் என்று சத்தியம் செய்யாமல் இருக்கவும் இந்த அளவு போதும்.

சோயாதான் ஜப்பான் பெண்களைக் காத்தது என்ற எண்ணம் எப்படி வந்தது? அங்கே மார்பகப் புற்று ஒரு காலத்தில் மிகக் குறைவாக இருந்தது. ஹவாய்க்கும் கலிஃபோர்னியாவுக்கும் குடிபெயர்ந்தவர்களின் மகள், பேத்தி காலத்தில் அது ஏறியது. மரபணு மாறவில்லை, வாழ்க்கை மாறியது, உணவில் சோயா குறைந்தது. கேட்கப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் சென்னையிலிருந்து பார்க்கும்போது இந்தக் கதையில் ஒரு ஓட்டை தெரியும். நம் பாட்டிமார் சோயாவைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. மீல் மேக்கர் நம் ஊருக்கு வந்ததே சில பத்தாண்டுகளுக்கு முன்புதான். இருந்தும் 1980-களில் சென்னையில் மார்பகப் புற்று மேற்கத்திய நாடுகளின் விகிதத்தில் ஒரு சிறு பங்குதான். கிராமங்களில் இன்னும் குறைவு. டோஃபு இல்லாமலேயே அபாயம் குறைவாக இருந்த சமூகம் இது. ஆகவே ஜப்பானியப் பெண்களையும் தமிழ்ப் பெண்களையும் ஒருசேரக் காத்த ஏதோ ஒன்று சோயாவுக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

சோயாவுக்கு உண்மையில் காக்கும் சக்தி இருந்தால் அது சாப்பிடும் வயதைப் பொறுத்தது என்ற கருத்து வலுவாக இருக்கிறது. பூப்புக்கு முன் ஜெனிஸ்டீன் கொடுத்த எலிகளுக்குப் பின்னாளில் கட்டி குறைவாக வந்தது. ஷாங்காயில் 73,000 பெண்களைத் தொடர்ந்த ஆய்வில், வளரிளம் பருவத்திலிருந்தே சோயா அதிகம் சாப்பிட்டு வந்தவர்களுக்கு மாதவிடாய் நிற்கும் முன் வரும் மார்பகப் புற்று கணிசமாகக் குறைவு. அமெரிக்காவில் வாழும் ஆசியப் பெண்களிடமும் சிறுவயதில் சாப்பிட்டதற்கே பலன் அதிகம் தெரிந்தது. மார்பகத் திசு வளர்ந்து பக்குவப்படும் காலம் அது. அப்போது கிடைக்கும் மெல்லிய சமிக்ஞை செல்களை விரைவில் முதிர வைத்துப் பின்னாளைய கேட்டுக்கு இடம் கொடுக்காமல் செய்யலாம் என்பது விளக்கம்.

இதைப் படித்ததும் வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெய் ஊற்றி உளுத்தங்களி கிண்டிக் கொடுக்கும் நம் வழக்கம் நினைவுக்கு வராமல் இருக்காது. எள்ளிலுள்ள செசமின் என்ற லிக்னன் நல்லெண்ணெயிலும் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் உளுந்தில் ஐசோஃபிளேவோன் பெயரளவுக்கே உண்டு. சடங்கின் சில நாட்கள் சாப்பிடும் களி மார்பகப் புற்றைத் தடுக்கும் என்று எந்த ஆய்வும் சொன்னதில்லை. களியின் பெருமை அதிலுள்ள புரதமும் இரும்பும் சத்தான எண்ணெயும்தான். வளரும் பெண்ணுக்கு அதுவே பெரிது. முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்ற வாட்ஸ்அப் பெருமைக்கு இந்த ஆய்வைத் தீனியாக்க வேண்டாம்.

லிக்னனுக்கு வருவோம். எள்ளும் ஆளி விதையும் தருவது நேரடி ஹார்மோன் அல்ல. குடலில் வாழும் பாக்டீரியா அவற்றை உடைத்து என்ட்ரோலாக்டோன் என்ற பொருளாக மாற்றினால்தான் உடலில் ஏதாவது நடக்கும். அந்த பாக்டீரியா எல்லோரிடமும் ஒரே அளவில் இல்லை. ஆன்டிபயாடிக் எடுத்த பிறகு ரத்தத்தில் இதன் அளவு குறைந்துவிடுகிறது. சோயாவின் இன்னொரு ஐசோஃபிளேவோனான டெய்ட்ஸீனை ஈக்வாலாக மாற்றும் திறனும் அப்படித்தான். ஜப்பானியரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உண்டு, மேற்கத்தியரில் கால் பங்கினருக்கே உண்டு. ஒரே குழம்பைச் சாப்பிடும் அக்காவுக்கும் தங்கைக்கும் உள்ளே வேறு வேறு கதை நடக்கலாம். அதனால்தான் ‘இவ்வளவு சாப்பிட்டால் இவ்வளவு பலன்’ என்ற வாய்ப்பாடு இந்த விஷயத்தில் எடுபடுவதில்லை.

ஆளி விதைக்கு நோயாளிகளிடமே நடந்த ஒரு சிறு பரிசோதனை உண்டு. டொரண்டோவில் லிலியன் தாம்சனின் குழு, மாதவிடாய் நின்று மார்பகப் புற்று கண்டறியப்பட்ட சுமார் 30 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு மாத அளவுக்கு, ஒரு பிரிவுக்குத் தினம் 25 கிராம் ஆளி விதை கலந்த கேக்கும் மற்றதற்கு வெறும் கேக்கும் கொடுத்தது. ஆளி விதை சாப்பிட்டவர்களின் கட்டியில் செல் பெருகும் வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2005-இல் வந்த நல்ல முடிவு. ஆனால் மிகச் சிறிய ஆய்வு. நோய் திரும்பியதா, ஆயுள் கூடியதா என்று அது பார்க்கவில்லை. ஆளி விதையை வறுத்துப் பொடித்து இட்லிப் பொடியில் கலந்து சாப்பிடலாம். முழு விதையாக விழுங்கினால் அப்படியே வெளியேறிவிடும், லிக்னன் கிடைக்காது. ஆளி விதை எண்ணெயிலும் லிக்னன் அநேகமாக இல்லை.

சிகிச்சையில் இருக்கும் பெண்களுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அவர்கள்தான். கீமோவின்போது வாய் கசக்கும், சாப்பாடு இறங்காது, தசை கரையும். அசைவம் சாப்பிடாத பெண்ணுக்குப் பருப்பும் பாலும் தயிரும் சோயாவும் விட்டால் புரதத்துக்கு வேறு வழி குறைவு. அந்த நேரத்தில் சோயா ஹார்மோன், எள் சூடு, பால் சளி என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ரசம் சாதத்தோடு விட்டுவிடும் வீடுகள் உண்டு. ஈ.ஆர். பாசிட்டிவ் என்று பயாப்ஸி ரிப்போர்ட்டில் வந்தவருக்கும், தமோக்சிஃபெனோ, ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும் லெட்ரோசோலோ சாப்பிடுபவருக்கும், உணவாகச் சாப்பிடும் சோயாவைத் தடுக்கக் காரணம் இல்லை என்பதே இன்று அமெரிக்கப் புற்றுநோய் சங்கம் போன்ற அமைப்புகளின் நிலை. நாளுக்கு ஒன்றிரண்டு பங்கு, அதாவது ஒரு டம்ளர் சோயா பாலோ ஒரு கிண்ணம் மீல் மேக்கரோ, ஆசிய நாடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்ட அளவுதான். டிரிப்பிள் நெகட்டிவ் வகையில் கட்டிக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பியே இல்லை. இந்தியாவில் மார்பகப் புற்று நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த வகை. அவர்களுக்கும் சோயா பயம் காட்டுவதில் பொருளே இல்லை.

மாத்திரையில்தான் நான் கடுமையாக இருப்பேன். மாதவிடாய் நிற்கும் காலத்தில் வரும் திடீர் வெப்பத்துக்கும் வியர்வைக்கும் சோயா ஐசோஃபிளேவோன் மாத்திரையும் ரெட் குளோவர் மாத்திரையும் டாக்டர் சீட்டில்லாமலே விற்கப்படுகின்றன. ஆரோக்கியமான, மாதவிடாய் நின்ற பெண்களிடம் இவை மார்பகத்துக்குக் கேடு செய்ததாகத் தெரியவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்னது. மார்பகப் புற்று வந்தவர்களுக்கு அந்த உறுதி கிடையாது. நியூயார்க்கில் ஆபரேஷனுக்குக் காத்திருந்த 140 பெண்களில் ஒரு பிரிவுக்குச் சில வாரம் சோயா புரதப் பொடியை அதிக அளவில் கொடுத்த ஆய்வு 2014-இல் வெளியானது. செல் பெருகும் வேகம் மாறவில்லை. ஆனால் ரத்தத்தில் ஜெனிஸ்டீன் மிக அதிகம் ஏறிய சிலரின் கட்டியில் வளர்ச்சி தொடர்பான சில மரபணுக்கள் தூண்டப்பட்டிருந்தன. அந்தச் சிலரில் தான் ஒருவரா என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஆகவே நோய் வந்தவர்கள் ஐசோஃபிளேவோன் மாத்திரையையும் சோயா புரதப் பொடியையும் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். அதிமதுரம், தண்ணீர்விட்டான் கிழங்கு சேர்ந்த லேகியங்களையும் புற்றுநோய் டாக்டரிடம் காட்டிவிட்டே எடுக்க வேண்டும்.

சென்னையில் பெண்கள் பலருக்குத் தைராய்டு மாத்திரை அன்றாட வழக்கமாகிவிட்டது. சோயா அந்த மாத்திரை உடலில் சேர்வதைக் குறைக்கும். காலையில் மாத்திரை போட்ட கையோடு சோயா பால் குடிக்காமல் சில மணி நேரம் இடைவெளி விட்டால் போதும். சோயாவில் உண்மையாகவே கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான்.

சென்னையில் மார்பகப் புற்று ஏன் இப்படி ஏறியது? அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலிருந்து நகரின் ஒவ்வொரு புற்றுநோயாளியையும் பதிவு செய்து வருகிறது. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் முதல் மூன்று மக்கள்தொகைப் பதிவேடுகளில் இது ஒன்று. தொடக்கத்தில் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்று. பிறகு வரிசை மாறியது, இன்று மார்பகப் புற்றே முதலில். தேசியப் பதிவேட்டின் 2020 அறிக்கையில், வயதுக்கேற்பச் சரிசெய்த கணக்கில், சென்னையில் 1 லட்சம் பெண்களுக்கு ஆண்டுக்கு 40-க்கு மேல். நாட்டிலேயே உயர்ந்த விகிதங்களில் ஒன்று. 2022-இல் இந்தியா முழுக்க ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்தது. சுமார் 98,000 பேர் இறந்தார்கள்.

இந்த ஏற்றத்துக்கு மீல் மேக்கர் மீது பழி போட முடியாது. மாறியது பெண்ணின் வாழ்நாள் முழுவதுமான ஈஸ்ட்ரோஜன் கணக்கு. முன்பைவிட இளம் வயதிலேயே பூப்பு. முதல் குழந்தை முப்பதை ஒட்டி. ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். வேலைக்குத் திரும்ப வேண்டியிருப்பதால் பாலூட்டும் காலமும் சுருங்கியது. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளியான கணக்குப்படி, ஒவ்வொரு பிரசவத்துக்கும் அபாயம் 7 சதவீதம் குறைகிறது. மொத்தமாக ஒவ்வொரு 12 மாதப் பாலூட்டலுக்கும் மேலும் 4.3 சதவீதம். நம் பாட்டிமாரையும் அந்தக் கால ஜப்பானியப் பெண்களையும் காத்ததில் இதற்குப் பெரும் பங்கு இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அதற்காக யாரும் ஆறு பிள்ளை பெறப் போவதில்லை, பெறவும் வேண்டாம். அந்த வாழ்க்கையில் பிரசவத்திலேயே இறந்த பெண்கள் எத்தனையோ. ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு கூடும் எடை வேறு. கொழுப்புத் திசு அரோமட்டேஸ் என்ற நொதியின் உதவியோடு தானே ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கிறது. லெட்ரோசோல் மாத்திரை முடக்குவது இந்த நொதியைத்தான். ஒரு தட்டு மீல் மேக்கரின் மெல்லிய ஜெனிஸ்டீனைவிட, அசையாமல் உட்கார்ந்தே சேர்த்த பத்துக் கிலோவிலிருந்து ஊறும் அசல் ஈஸ்ட்ரோஜன்தான் கவலைப்பட வேண்டியது. மது எந்த அளவிலும் அபாயத்தைக் கூட்டும்.

உயிர் போவதற்கு இங்கே பெரிய காரணம் தாமதம். இந்தியாவில் பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் நோய் முற்றிய நிலையில்தான் வருகிறார்கள். மேற்கு நாடுகளைவிட ஏறக்குறைய பத்தாண்டு முன்னதாகவே நம் பெண்களுக்கு இது வருகிறது. அதனால் ‘எனக்கு என்ன வயசாச்சு’ என்று நாற்பதில் இருப்பவர் ஒதுக்க முடியாது. 30 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மார்பகத்தைப் பயிற்சி பெற்ற ஒருவர் தொட்டுப் பரிசோதிக்க வேண்டும் என்பது தேசியத் திட்டம். சென்னையின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் காசு வாங்குவதில்லை. இடையில் கையில் தட்டுப்படும் கட்டி, உள்ளிழுத்த காம்பு, அதிலிருந்து ரத்தம் கலந்த கசிவு, ஆரஞ்சுத் தோல் போலக் குழி விழுந்த சருமம், அக்குளில் முடிச்சு என்று எது தெரிந்தாலும் அந்த வாரமே காட்டிவிட வேண்டும். வலிக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். தொடக்க நிலைக் கட்டிகளில் பெரும்பாலானவை வலிப்பதில்லை.